கேரவன் ஹிட்ச் ஸ்டெபிலைசரில் இறுகிப்போன போல்ட்: எந்த வழியில் கழற்றலாம்?

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டியான கேரவனில், காரோடு இணைத்து வண்டி ஆடாமல் அடக்கும் ஹிட்ச் ஸ்டெபிலைசரை டிராபாரோடு (முன்னால் நீளும் இழுவைக் குழாய்) பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் இரண்டே இரண்டு போல்ட்தான். மழைத் தண்ணீர், சாலைச் சேறு, பனி உருகத் தூவும் உப்பு எல்லாமே முதலில் வந்து அடிக்கும் இடமும் அதுதான். சில வருஷம் யாரும் கைவைக்காமல் விட்டால் போதும், ஸ்பேனரில் தொங்கினாலும் நட் அசையாது.

இதற்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எண்ணெய் விடு, சூடு காட்டு, அடித்து அடித்துத் திருப்பும் இம்பாக்ட் கன் போடு, கிரைண்டர் வைத்து அறுத்துத் தள்ளு. எல்லாமே ஏதோ ஒரு போல்ட்டுக்குச் சரியான வழிதான். ஆனால் இந்த இடத்தில் எது சரி என்று முடிவு செய்ய, போல்ட் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைவிட அதைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த நட்டும் போல்ட்டும் எப்படியும் பழைய இரும்புக்குப் போகப் போகிறவை, அவற்றைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். சுற்றி இருப்பதற்கு ஒன்றும் ஆகாமல் எந்த வழியில் வேலை முடியுமோ அதுதான் நல்ல வழி. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பலரும் முதலில் கையிலெடுக்கும் கேஸ் டார்ச் கடைசிக்குப் போய்விடும். கடைசியில் வைத்திருக்கும் கிரைண்டர் கொஞ்சம் முன்னால் வந்துவிடும்.

கழற்றியே ஆக வேண்டுமா?

உராய்வு பேடுகள் தேய்ந்துவிட்டன என்பது மட்டும்தான் காரணம் என்றால் கொஞ்சம் நிறுத்துங்கள். அல்-கோ ஏகேஎஸ் 3004 போன்ற பல ஸ்டெபிலைசர்களில், ஸ்டெபிலைசரின் தலை டிராபாரில் மாட்டியபடி இருக்கும்போதே பேடுகளை மாற்றிவிட முடியும். உங்கள் மாடலின் கையேட்டை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள், இந்தச் சண்டையே தேவைப்படாமல் போகலாம். தலையை முழுசாகக் கழற்ற வேண்டி வருவது வேறு சில வேலைகளுக்கு: அக்கார்டியன் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பெல்லோஸ் கிழிந்துவிட்டது, உள்ளே தள்ளலை மெதுவாக்கும் டேம்பர் போய்விட்டது, ஓவர்ரன் (கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னால் தள்ளும் விசையாலேயே பிரேக் போடும் அமைப்பு) புஷ் தேய்ந்து டிராபார் ஆடுகிறது, இல்லை ஸ்டெபிலைசரையே மாற்றப் போகிறீர்கள். இதில் ஏதாவது ஒன்று என்றால் மேலே படியுங்கள்.

சுற்றி என்ன இருக்கிறது

முன்னால், காரின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டை (பால்) உட்காரும் குழிக்குள் உராய்வு பேடுகள். ஸ்டெபிலைசரின் வேலையே இந்தப் பேடுகள் பாலை இறுக்கிப் பிடித்து, வண்டி பாம்பு மாதிரி நெளிவதை உராய்வால் அடக்குவதுதான். அதனால்தான் ஸ்டெபிலைசர் போட்ட வண்டியில் பாலுக்கு கிரீஸ் தடவக் கூடாது, புது பாலில் இருக்கும் பெயின்ட்டைக்கூடத் தேய்த்து எடுத்துவிட வேண்டும் என்று சொல்வார்கள். அங்கே எண்ணெய் ஏறினால், போல்ட் கழன்ற சந்தோஷத்தில் கிளம்பி வேகமாகப் போகும்போது ஸ்டெபிலைசர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பின்னால், டிராபார் குழாய்க்குள் டேம்பர். அது அடைத்து மூடிய உருளை, உள்ளே எண்ணெயும் பல மாடல்களில் அழுத்தத்தில் வாயுவும் இருக்கும். அதை நெருப்பில் காட்டினால் வெடிக்கக்கூடும். இன்னொரு விஷயம், அல்-கோ உட்படப் பல ஓவர்ரன் அமைப்புகளில், தலையைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்று டேம்பரின் முனையையும் சேர்த்துக் கோத்திருக்கும். அதைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

டேம்பருக்கு மேலே ரப்பர் பெல்லோஸ், அதற்கும் மேலே பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் மூடி. அப்புறம், பல கேரவன்களில் ஹிட்சுக்கு நேர் பின்னால் இருக்கும் முன்பெட்டியில்தான் கேஸ் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். கசியும் வாயு வெளியேற அந்தப் பெட்டியின் அடியில் துவாரம் வைத்திருப்பார்கள், எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் கீழே இறங்கித் தரையோடு பரவும். நீங்கள் படுத்துக்கொண்டோ குந்திக்கொண்டோ வேலை செய்யும் உயரமும் அதேதான். நெருப்போ தீப்பொறியோ வரும் வேலை எதுவானாலும், சிலிண்டரைக் கழற்றித் தூரமாகக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் தொடங்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

எங்கே பிடித்திருக்கிறது?

இதைக் கண்டுபிடிக்காமல் வழியைத் தேர்ந்தெடுத்தால் உழைப்பு வீண். இரண்டு இடத்தில் பிடிக்கலாம். ஒன்று, நட்டின் மரையில். இரண்டு, போல்ட்டின் தண்டு குழாயின் துளைக்குள் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். துரு ஆவதற்கு முன் இருந்த இரும்பைவிடத் துரு அடைக்கும் இடம் பல மடங்கு அதிகம், அதனால் நெருக்கமான துளைக்குள் துரு வளர்ந்தால் அதுவே ஆப்பு வைத்த மாதிரி இறுக்கிவிடும். குழாயின் விட்டத்துக்கு ஏற்ப இடையில் உறை போட்டு மாட்டிய தலையென்றால் தண்ணீர் தங்க இன்னும் ஒரு இடுக்கு கூடுதல்.

நட் கழன்று வந்துவிட்டது, போல்ட் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது என்றால் தண்டுதான் பிடித்திருக்கிறது. நட்டே அசையவில்லையென்றால் மரை பிடித்திருக்கிறது, தண்டின் நிலைமை இனிமேல்தான் தெரியும். இதனால்தான் போல்ட்டின் தலையைத் திருப்பாமல் நட்டைத் திருப்ப வேண்டும். தலைப் பக்கம் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் மரையோடும் தண்டோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டுகிறீர்கள். தலையை ஒரு ரிங் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பினால் மரையோடு மட்டும்தான்.

நட் ஒரு சுற்று கழன்ற பிறகும் கடைசிவரை இறுக்கமாகவே வந்தால் பயப்படாதீர்கள். இந்த இடத்தில் போடுவது பெரும்பாலும் நைலான் வளையம் வைத்த நைலாக் நட், மரையை விட்டு முழுசாக வெளியே வரும்வரை அது பிடித்துக்கொண்டேதான் வரும்.

நீளக் கம்பியும் சரியான சாக்கெட்டும்

எதைச் செய்தாலும் தொடக்கம் இங்கேதான். ஆறு மூலை சாக்கெட் வேண்டும், பன்னிரண்டு மூலை வேண்டாம். பன்னிரண்டு மூலை சாக்கெட் நட்டின் முனைகளை மட்டும் பிடிக்கும், துருவில் ஏற்கெனவே மெலிந்த முனை சட்டென்று மழுங்கிவிடும். அளவிலும் ஒரு குழப்பம் உண்டு. எம்12 (12 மி.மீ. மரை) போல்ட்டுக்குப் பழைய ஜெர்மன் டின் தரப்படி 19 மி.மீ. சாக்கெட், ஐஎஸ்ஓ தரப்படி 18 மி.மீ. எம்14 என்றால் 22 அல்லது 21. 18 மி.மீ. நட்டில் 19 சாக்கெட்டும் மாட்டிக்கொள்ளும், கொஞ்சம் ஆடும், அழுத்தினால் வழுக்கி நட்டை உருண்டையாக்கிவிடும். வயர் பிரஷ்ஷால் நட்டின் பக்கங்களைத் தேய்த்து, துருச் செதில் எல்லாம் போன பிறகு சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். ஆட்டம் இல்லாமல் உட்கார வேண்டும்.

சாக்கெட்டைத் திருப்பும் நீளக் கம்பியின் பலம் அதன் அமைதி. தீப்பொறி இல்லை, சூடு இல்லை, எண்ணெய் இல்லை, பேடுக்கும் டேம்பருக்கும் ஒன்றும் ஆகாது. பலவீனம், அது வண்டியையே நெம்பும். ஜாக்கி வீலில் (முன்னால் தாங்கும் சின்னச் சக்கரம்) நிற்கும் வண்டியின் மூக்கு பக்கவாட்டில் தள்ளினால் சரிந்துவிடும். அதனால் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக் போட்டு, டிராபாருக்கு அடியில் கனமான மரக்கட்டையோ ஆக்ஸில் ஸ்டாண்டோ வைத்து, கம்பியைக் கீழ்நோக்கி அழுத்துகிற மாதிரி சாக்கெட்டை மாட்டிக்கொள்ளுங்கள். மேலே இழுத்தால் மூக்கு தூக்கும், பக்கத்தில் தள்ளினால் திரும்பும், கீழே அழுத்தினால்தான் கட்டை தாங்கும்.

எவ்வளவு அழுத்தலாம்? 8.8 தரத்து (போல்ட்டின் பலத்தைச் சொல்லும் எண்) எம்12 போல்ட்டை இறுக்கும் வழக்கமான அளவு 80 நியூட்டன் மீட்டர் சுமாருக்கு வரும். ஒரு மீட்டர் பைப்பின் முனையில் 50 கிலோ எடையைப் போட்டால் 490 நியூட்டன் மீட்டர், அதாவது ஆறு மடங்கு. போல்ட் முறுக்கிக்கொண்டு உடைவதற்கு இது தாராளம். எஞ்சினில் குருட்டுத் துளைக்குள் (மறுபக்கம் மூடிய துளை) இருக்கும் போல்ட் என்றால் உடைந்தால் கதை முடிந்தது. ஆனால் இங்கே துளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை போகிறது, போல்ட்டும் எப்படியும் புதுசு போடத்தான் போகிறோம். நட் பக்கம் முறிந்து விழுந்தால் நட்டைக் கழற்றிய மாதிரிதான். உண்மையில் பயப்பட வேண்டியது திடீரென்று முறியும்போது உங்கள் முட்டியும் முகமும் எங்கே போய் இடிக்கும் என்பதுதான்.

கையில் வரும் உணர்வைக் கவனியுங்கள். டக்கென்று ஒரு சத்தம் வந்து கம்பி கொஞ்சம் நகர்ந்து நின்றால் துருவின் பிடி விட்டது, நல்ல சகுனம். சத்தமே இல்லாமல் மெத்தென்று, ரப்பரை முறுக்குவது போல நகர்ந்து, விட்டவுடன் பாதி திரும்பி வந்தால் நட் கழலவில்லை, போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு வேறு வழிக்குப் போக வேண்டும். டக் சத்தம் வந்தாலும் ஒரே இழுப்பில் கழற்றிவிடப் பார்க்காமல் கால் சுற்று விட்டு, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி விடுங்கள். மரைக்குள் இருக்கும் துருப் பொடிக்கு வெளியேற வழி வேண்டுமே.

துரு இளக்கும் எண்ணெய்

மிகவும் பிரபலமானது, மிகவும் பொறுமை கேட்பதும் இதுதான். மெல்லிய எண்ணெய் இடுக்குக்குள் தானாகவே ஊர்ந்து ஏறும் குணத்தை நம்பும் வழி இது, அதனால் விட்டவுடன் ஸ்பேனர் போட்டால் பலன் இல்லை. சில மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி, நடுநடுவே மறுபடி சொட்டு விட்டு, நட்டின் பக்கங்களில் சுத்தியலால் தட்டி அதிர வைக்க வேண்டும். அந்த அதிர்வு மெல்லிய விரிசல்களைத் திறந்துவிடும், எண்ணெய்க்கு அதுதான் பாதை.

எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 இதற்குப் போதுமா என்று கேட்பார்கள். அது 1953-ல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்யப்பட்ட கலவை, நாற்பதாவது சூத்திரத்தில் சரியாக வந்ததால் அந்தப் பெயர். லேசான துருவுக்கு உதவும், ஆனால் இறுகிய போல்ட்டுக்கு என்றே செய்த பெனிட்ரேட்டிங் எண்ணெய்தான் பொருத்தம், அதே நிறுவனமே தனியாக ஒன்று விற்கிறது. அசிட்டோனையும் கியர்பாக்ஸுக்குப் போடும் ஏடிஎஃப் எண்ணெயையும் சரிபாதி கலந்து வீட்டிலேயே செய்பவர்கள் உண்டு. நன்றாக ஊறும், ஆனால் அது சீக்கிரம் பிரிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் பெயின்ட்டையும் பல பிளாஸ்டிக்குகளையும் தின்னும், சட்டென்று தீப்பற்றும். மூடியும் பெல்லோஸும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஸ்டெபிலைசரைப் பொறுத்தவரை எண்ணெயின் உண்மையான ஆபத்து, அது வேலை செய்யாமல் போவதல்ல, வேண்டாத இடத்துக்கும் போவதுதான். ஸ்ப்ரே அடித்தால் பனிமூட்டம் மாதிரி பறந்து போய் பேடுகளில் படியும். அதனால் பால் குழிக்குள் சுத்தமான துணியைத் திணித்து, தலையின் முன்பாகத்தைப் பிளாஸ்டிக் பையால் மூடி இறுக்கிக் கட்டுங்கள். மூக்கை ஜாக்கி வீலால் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், வழியும் எண்ணெய் முன்னால் போகாமல் பின்னால் வரும், பின்னால் வருவதைத் துணி வைத்து பெல்லோஸில் படாமல் துடைத்துவிடலாம். ஸ்ப்ரே டப்பாவின் சிறு குழாயை நட் உட்காரும் விளிம்பிலேயே வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். போல்ட்டின் தலைப் பக்கமும் விட வேண்டும், தண்டு பிடித்திருந்தால் அங்கிருந்துதான் உள்ளே போகும். மறுநாள் வந்து பார்க்கும்போது நட்டின் விளிம்பில் செம்மண் குழம்பு மாதிரி கசிந்திருந்தால் எண்ணெய் உள்ளே போய் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

குளிர வைத்து உடைக்கும் ஸ்ப்ரே என்று ஒரு வகையும் இருக்கிறது. லாக்டைட் விற்கும் அப்படிப்பட்ட ஒன்று போல்ட்டை −43 டிகிரிவரை குளிர வைக்கும். போல்ட் சுருங்கும்போது துருவின் பிடியில் விரிசல் விழும், அதில் எண்ணெய் புகும். சூடு கூடாத இந்த இடத்துக்கு யோசனை நல்லதுதான், ஆனால் குளிர் நட்டுக்கும் சேர்ந்தே பரவிவிடும் என்பதால் பலன் சில நொடிகள்தான். தனி வழியாக நம்ப வேண்டாம், எண்ணெயோடு சேர்த்துப் பயன்படுத்தலாம்.

இம்பாக்ட் ரெஞ்ச்

அரை அங்குல பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் கைவசம் இருந்தால் இந்த வேலைக்கு என் முதல் தேர்வு அதுதான், ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறிய பிறகு. காரணம் அதன் பலம் மட்டும் அல்ல. நீளக் கம்பி கொடுக்கும் விசை முழுசாக வண்டியின் மூக்கை நெம்புகிறது, இம்பாக்ட் கொடுப்பது சின்னச் சின்ன அடிகள், வண்டியை அசைக்கும் முன்பே அடி முடிந்துவிடுகிறது. கேரவனுக்கு அடியில் குந்திக்கொண்டு ஒற்றை ஆளாக வேலை செய்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிசு. அதோடு அந்தத் தட்டல் தொடர்ந்து அதிர வைப்பதால் துருவும் பொடிந்து விடுகிறது.

இரண்டு நிபந்தனை. கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டாக இருக்க வேண்டும், பளபளக்கும் சாதா குரோம் சாக்கெட் இந்த அடிக்குச் சிதறலாம். கண்ணாடி போடாமல் தொடவே கூடாது. இரண்டாவது, போல்ட் தலையைப் பிடிக்கும் ஸ்பேனரை கையில் பிடிக்காமல் டிராபாரிலோ தரைக்கட்டையிலோ முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள், சுழன்று வந்து விரலை நசுக்கிவிடும். குறைந்த வேகத்தில் தொடங்கி, இறுக்கும் திசையில் ஒரு நொடி, கழற்றும் திசையில் சில நொடி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒரே திசையில் விடாமல் அடிப்பதைவிடச் சீக்கிரம் இளகும்.

இடம்தான் இதன் குறை. சில தலைகளில் நட் உள்வாங்கிய குழிக்குள் இருக்கும், அல்லது ஜாக்கி வீல் கிளாம்ப்போ பிரேக் லீவரோ மறைக்கும். நீள எக்ஸ்டென்ஷன் போட்டால் அடியின் வேகத்தில் கணிசமான பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

சூடு

சூட்டின் கணக்கு எளிது. எஃகு ஒரு டிகிரிக்குத் தன் அளவில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு விரியும். 12 மி.மீ. நட்டை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் விட்டம் ஏறத்தாழ 0.03 மி.மீ. விரியும். கண்ணுக்குத் தெரியாது, துருவின் பிடியை உடைக்க அது போதும். பழுதுபார்க்கும் கடைகளில் சூடு பிரபலமாக இருப்பது காரணம் இல்லாமல் அல்ல.

ஆனால் அங்கே எதிரில் இருப்பது சேஸிஸோ சஸ்பென்ஷனோ. இங்கே கை எட்டும் தூரத்தில் அடைத்து மூடிய டேம்பர், ரப்பர், பேடு, கேஸ் பெட்டி. டிராபாரும் சேஸிஸும் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சுப் பூசியவை, நெருப்பில் காட்டினால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். முந்தின நாள் விட்ட எண்ணெய் வேறு தீப்பிடிக்கும். பேடுகளைச் சுத்தம் செய்ய பிரேக் கிளீனர் அடித்திருந்தால், அதில் குளோரின் சேர்ந்த வகை நெருப்பில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும். இதோடு, 8.8, 10.9 தரத்துப் போல்ட்டுகளும் பலமான உதிரிகளும் சூட்டுப் பதம் செய்து பலம் ஏற்றப்பட்டவை, செக்கச் செவேலென்று காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். போல்ட்டை மாற்றிவிடலாம், ஆனால் அதைச் சுற்றியிருக்கும் தலையை மாற்றப் போவதில்லையே. ஓடும் வண்டியையே தாங்கும் உதிரி அது.

அதனால் கேஸ் டார்ச் இந்த இடத்துக்கு வேண்டாம் என்பதுதான் என் முடிவு, டேம்பரை வெளியே எடுத்த பிறகு மட்டும் யோசிக்கலாம். ஆனால் டேம்பரை எடுக்கத்தானே போல்ட்டைக் கழற்றுகிறோம். இன்டக்ஷன் ஹீட்டர் என்ற கருவி வேறு மாதிரி, செம்புச் சுருளை நட்டின் மேல் மாட்டினால் சுடர் இல்லாமல் நட் மட்டும் சில நொடிகளில் சூடாகும். சூடே காட்டியாக வேண்டும் என்றால் அதுதான் மரியாதையான வழி, அதுவும் டேம்பர் கோத்திராத போல்ட்டுக்கு மட்டும், நட் பழுக்கும்வரை போகாமல். நைலாக் நட்டில் நைலான் உருகும் வாசனை வரும், அது எதிர்பார்த்ததுதான். வெறும் ஹாட் ஏர் கன் கனமான உலோகத் தலைக்குப் பக்கத்தில் சூட்டை இழந்துகொண்டே இருக்கும், பெரிய பலன் இருக்காது, பிளாஸ்டிக் மூடியைத்தான் முதலில் வளைக்கும்.

நட்டை அறுப்பது

இதைத் தோல்வியாக நினைப்பவர்கள் அதிகம். நான் அப்படி நினைக்கவில்லை. நைலாக் நட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது, போல்ட்டும் துருவால் மெலிந்தது. எண்ணெயும் இம்பாக்ட்டும் கைவிட்ட பிறகு சூட்டுக்குப் போவதைவிட நட்டை அறுப்பதே பாதுகாப்பு.

அறுக்கும் முன் போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் தர எண்ணையும் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 8.8 என்றால் 800 மெகாபாஸ்கல் இழுவிசை பலம், 10.9 என்றால் 1000. புதுசு அதே தரத்தில் இருக்க வேண்டும். துரு பிடிக்காதே என்று ஸ்டெயின்லெஸ் போடத் தோன்றும். கடைகளில் கிடைக்கும் ஏ2-70 ரகத்தின் பலம் 700 மெகாபாஸ்கல்தான், இங்கே போடக் கூடாது.

நட் ஸ்பிளிட்டர் கிடைத்தால் அதுதான் நிதானமான வழி. வளையத்தை நட்டின் மேல் மாட்டி, திருகைத் திருப்பினால் உளி முனை நட்டின் பக்கத்தில் இறங்கி, ஒரு கட்டத்தில் பட்டென்று நட் பிளக்கும். தீப்பொறியும் இல்லை, தூசியும் இல்லை. எதிர்ப் பக்கத்திலும் ஒரு தடவை வெட்டினால் இரண்டு துண்டாக வந்துவிடும். வளையம் மாட்ட நட்டைச் சுற்றி இடம் இருக்க வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை.

இடம் இல்லையென்றால் ஆங்கிள் கிரைண்டரும் ஒரு மி.மீ. கட்டிங் வீலும். போல்ட்டை குறுக்கே அறுக்காதீர்கள், வீல் ஸ்டெபிலைசர் தலையின் உடம்பில் இறங்கிவிடும். நட்டின் ஒரு தட்டைப் பக்கத்தில், போல்ட்டின் நீளவாக்கில், மரை தெரியத் தொடங்கும்வரை அறுத்து நிறுத்துங்கள். வாஷருக்கு முன்னால் நின்றுவிட வேண்டும். அப்புறம் அந்தப் பிளவில் உளியை வைத்து ஒரு அடி கொடுத்தால் நட் வாய் பிளந்து, அதற்குமேல் கையாலேயே சுழன்று வரும். சிலிண்டர்கள் தூரத்தில், மேலே ஈரச் சாக்கு, ஜன்னலுக்கும் ஃபைபர் உடம்புக்கும் மறைப்பு. பொறி பட்ட இடத்தில் சூடான இரும்புத் துகள் பதிந்து, பிறகு துருப் புள்ளியாகத் தெரியும். பால் குழியில் துணி இன்னும் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள், வீல் பொடி பேடில் ஏறினால் அதுவே பாலைத் தேய்க்கும்.

தண்டு வர மறுத்தால்

நட் போய்விட்டது, போல்ட் மட்டும் அப்படியே நிற்கிறது. இங்கேதான் பொறுமை இழந்து சம்மட்டியால் போல்ட் முனையில் நேரடியாக அடிப்பார்கள். முனை காளான் மாதிரி விரியும், விரிந்த முனை துளைக்குள் நுழையாது, பிரச்சினை இரண்டாகும். முதலில் போல்ட் தலைப் பக்கம் சாக்கெட் போட்டு போல்ட்டைத் திருப்பப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் திரும்பினால்கூட ஜெயித்த மாதிரிதான், இரு பக்கமும் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தால் இளகும்.

திரும்பவே இல்லையென்றால் இரண்டு வழி. ஒன்று, போல்ட்டைவிடக் கொஞ்சம் மெல்லிய, எம்12-க்கு 11 மி.மீ. சுமாருக்கு உள்ள டிரிஃப்ட் (அடித்துத் தள்ளும் இரும்புத் தண்டு) வைத்துக் கனமான சுத்தியலால் அடிப்பது. இருபது லேசான அடியைவிட ஒரு கனமான அடிக்குப் பலன் அதிகம். எதிர்ப் பக்கத்தில், போல்ட்டுக்குப் பக்கத்தில் உடம்போடு ஒட்டி இன்னொருவர் கனமான சம்மட்டியைப் பிடித்தால் நல்லது, இல்லாவிட்டால் உங்கள் அடி முழுக்க வண்டியை ஆட்டுவதிலேயே போய்விடும். இரண்டாவது, பால் ஜாயின்ட் கழற்றப் பயன்படும் சி வடிவ பிரஸ். ஒரு பக்கம் திருகு போல்ட் முனையை அழுத்தும், மறுபக்கம் போல்ட் தலை நுழையும் அளவு பெரிய சாக்கெட் ஏந்திக்கொள்ளும். விசை எல்லாம் போல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவிலேயே முடிந்துவிடும், வண்டி அசையாது, துளையும் அடிபடாது. இரண்டில் நான் பிரஸ்ஸைத்தான் சொல்வேன். அதை இறுக்கிப் பிடித்த நிலையில் வைத்துவிட்டு, போல்ட் தலையைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் பல சமயம் அப்போதுதான் விடும்.

இதற்கும் மசியாவிட்டால் மிச்சம் துளையிடுவதுதான். அங்கே நிறுத்தி ஒர்க்‌ஷாப்பிடம் கொடுப்பது நல்லது என்பேன். 10.9 போல்ட் கடினமானது, கோபால்ட் கலந்த டிரில் பிட், குறைந்த வேகம், வெட்டு எண்ணெய் எல்லாம் வேண்டும், கையால் பிடித்த டிரில் நடுவை விட்டு விலகினால் டிராபார் குழாயின் துளை நீள்வட்டமாகிவிடும். அதன் பிறகு டிராபாரையே மாற்ற வேண்டியதுதான். போல்ட்டை வெளியே எடுக்க என்று விற்கும் ஈஸி அவுட் இங்கே உதவாது. அது மரையில் முறிந்த துண்டுக்கு, தண்டோடு ஒட்டியதற்கு அல்ல. உள்ளே முறிந்தால் அதையும் துளையிட முடியாது.

போல்ட் வெளியே வரும் நேரம்

டேம்பரைக் கோத்திருக்கும் போல்ட் என்றால் அதை உருவிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அதே விட்டமுள்ள கம்பியை போல்ட்டுக்குப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போங்கள், போல்ட் வெளியே வர வர கம்பி அதன் இடத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் டேம்பர் குழாய்க்குள் நகர்ந்து, துளைகளை மறுபடி நேராக்குவதே தனி வேலையாகிவிடும். பெல்லோஸ் மாற்றுவதற்காகத் தலையை முழுசாக இழுக்கிறீர்கள் என்றால் கம்பியைக் குழாயின் விட்ட அளவுக்கு வெட்டி வைத்துக்கொண்டால் தலை அதன் மேலேயே வழுக்கி வெளியே வரும்.

திரும்ப மாட்டும்போது துளைகளை உருட்டி எடுத்த எமரித் தாளால் துரு போகத் துடையுங்கள், உலோகத்தைக் கரைக்க வேண்டாம். தண்டில் மட்டும் மெல்லியதாக கிரீஸ் தடவலாம், அடுத்த தடவை கழற்றுபவருக்கு அது வரம். மரையில் தடவ வேண்டாம், உராய்வு குறைந்தால் அதே டார்க் அளவில் போல்ட் தேவைக்கு மேல் இழுபடும். புது நைலாக் நட், கையேடு சொல்லும் அளவில் டார்க் ரெஞ்ச், இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிப் படிப்படியாக. ஓவர்ரன் கூட்டில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் அப்போதே கிரீஸ் ஏற்றிவிடுங்கள், வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடுங்கள்.

கடைசியில் பால் குழியின் துணியை எடுத்து, பேடுகளை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, காரின் பாலை தின்னர் தோய்த்த துணியால் துடையுங்கள். எண்ணெய் பேடுக்குள் ஊறி மினுமினுப்பாக இருந்தால் தேய்த்துப் பயன் இல்லை, பேடுகளை மாற்றிவிடுங்கள். முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இரண்டு நட்டையும் டார்க் ரெஞ்சால் ஒரு தடவை சரிபாருங்கள். வளைவில் திரும்பும்போது ஹிட்சிலிருந்து புதிதாகக் கிரீச்சென்றோ முனகலாகவோ சத்தம் வந்தால் முதலில் பாலையும் பேடையும் பாருங்கள், பெரும்பாலும் அங்கே ஏதோ அழுக்கோ பெயின்ட் மிச்சமோ ஒட்டியிருக்கும்.